பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தட்டிக் காயவைத்து மாட்டுக்குப் போடலாமா? நஞ்சு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போடாதீர்கள். கொருக்குப்பேட்டையில் எங்களுக்குத் தீவனக் கடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் உள்ளே புகுந்து, பிண்ணாக்கு மூட்டைகளில் அடி வரிசை நனைந்துவிட்டது. அப்பா எல்லாவற்றையும் மொட்டை மாடியில் உலர்த்தினார். பச்சைப் படலம் தட்டியதும் உதிர்ந்தது, வாடையும் போனது. பார்வைக்குப் புதுச் சரக்கேதான்.

வெயில் ஈரத்தைத்தான் எடுக்கும். பூஞ்சை அதற்கு முன்பே கக்கிவைத்த அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அங்கேயே கிடக்கும். மாடு தின்றால் அதில் ஒரு பங்கு எம்1 என்ற உருவில் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் அழியாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு வரம்பு. இதை மூக்கா கண்டுபிடிக்கும்?

தீவன ஆலைக்காரர்கள் வைத்திருக்கும் சோதனைப் பட்டையை வாங்கினேன். பிண்ணாக்கை மாவாக அரைத்து, மெத்தனால் கலந்த நீரில் குலுக்கி, தெளிந்த நீரில் பட்டையை வைக்க வேண்டும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு இது நேர் எதிர்: இரண்டு கோடு தெரிந்தால் நிம்மதி, சோதனைக் கோடு மறைந்தால் வரம்புக்கு மேல் நஞ்சு. (முதல் தடவை நான் தலைகீழாகப் படித்து வீட்டையே கலவரப்படுத்தினேன்.)

ஒரு மூட்டையின் வாயிலிருந்து கைப்பிடி எடுத்துப் பார்த்தபோது இரண்டு கோடு. அப்பாவுக்குச் சிரிப்பு. மறுநாள் ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று குத்தூசி போட்டு எடுத்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்து பார்த்தேன். கோடு மறைந்துவிட்டது. நஞ்சு சீராகப் பரவுவதில்லை. ஓரிரு கட்டிகளில் குவிந்திருக்கும். ஆய்வகத்தில் எச்.பி.எல்.சி. கருவியில் துல்லியமாக அளப்பார்கள். ஆனால் நீங்கள் கொண்டுபோகும் பொட்டலத்தில் இருப்பதைத்தான் அது அளக்கும்.

நஞ்சு இருந்தால் மினுங்கும் என்று அடித்துப் பார்க்கும் புற ஊதா விளக்கை நம்பாதீர்கள். மக்காச்சோளத்தில் மினுங்குவது அதே பூஞ்சை தரும் கோஜிக் அமிலத்தால், நஞ்சால் அல்ல. சந்தேகப்பட உதவும், அவ்வளவுதான்.

பக்கத்துத் தெரு அக்கா, "கோழிக்காவது கொடு தம்பி" என்றார். இந்த நஞ்சே பறவைகளால்தான் வெளிப்பட்டது: 1960இல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. கொடுக்கவில்லை. குப்பைத் தொட்டியில் கொட்டினால் தெரு மாடுகள் தின்னும் என்பதால் பினாயில் ஊற்றிக் கட்டிக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டோம்.