ஏழு வயது மகனுக்கு இன்னும் சோறு தீத்திவிடுகிறேன். தானாகச் செய்யும் பழக்கம் எப்போது வரும்?

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. சோறு தீத்துவதும் சப்பாத்து நூல் கட்டுவதும் இன்னும் உங்கள் வேலையாக இருப்பது ஒன்று. இரவில் உங்களை ஒட்டிக்கொண்டு படுக்கிறான், இப்படியே கோழையாக வளர்ந்துவிடுவானோ என்பது மற்றது. யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். முதலாவதை இந்த வாரமே மாற்றத் தொடங்குங்கள். இரண்டாவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மேரி எயின்ஸ்வேர்த் என்ற உளவியலாளர் 1950-களில் உகண்டாவின் கிராம வீடுகளுக்குப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்துக் குறிப்பெடுத்தார். தாய் இருக்கிறாள் என்ற தெம்புள்ள குழந்தைகள் துணிந்து தூரமாகத் தவழ்ந்து போவதையும், இடையிடையே அவளிடம் திரும்பி வந்து மறுபடி புறப்படுவதையும் கண்டார். நல்லூர்த் திருவிழா நாட்களில் வெளிவீதி மணலில் விளையாடும் சிறுவர்களைப் பாருங்கள், இது அப்படியே நடக்கும். ஒட்டிக்கொள்ள ஆள் இருக்கும் பிள்ளைக்குத்தான் விலகிப் போகத் துணிவு வருகிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் நோகவும் வேண்டாம். தனியாக நடக்கத் தொடங்குவதற்கே உலக சுகாதார நிறுவனம் ஏறக்குறைய 8 மாதம் முதல் 18 மாதம் வரை இடம் விட்டிருக்கிறது.

சரி, எப்படிப் பழக்குவது? எனக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் பழக்கியவர் அம்மம்மா. முதலில் கயிற்றில் என் கைகளுக்குக் கீழே அவருடைய கைகளும் இருக்கும். பாரம் முழுவதும் அவருக்கு, இழுக்கிற பெருமை எனக்கு. நாள் போகப் போக அவர் பிடியைத் தளர்த்தினார். கயிறு வழுக்கினால் மட்டும் இறுக்குவார். பிறகு கையை எடுத்துவிட்டுக் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டார். வாளி அரைவாசி சிந்தியே மேலே வரும். அதற்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. வூட், புரூனர், ரொஸ் என்ற மூவர் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிட் கட்டப் பழக்கிப் பார்த்து, 1976-இல் எழுதிய ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: பிள்ளையால் முடியாத பங்கை மட்டும் பெரியவர் எடுத்துக்கொள்ள வேண்டும், முடிய முடிய அதையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊரில் விட்டுக்கொடுப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இன்றைய பெற்றோரில் பலர், போரால் யாழ்ப்பாணமே வெளியேறிய 1995 இடப்பெயர்வில் சிறுவர்களாக மூட்டையோடு நடந்தவர்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள். "நாங்கள் பட்டது போதும், பிள்ளையாவது பிள்ளையாக இருக்கட்டும்" என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று அவர்கள் தலையில் விழுந்தது வயதுக்கு மீறிய பாரம். இன்று மகன் தன் தட்டைத் தானே கழுவுவதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

போதாததற்குப் புலமைப்பரிசில் பரீட்சை. தரம் ஐந்து வந்துவிட்டால் பென்சில் சீவுவதும் புத்தகப்பை அடுக்குவதும் அம்மாவின் கடமையாகிவிடும், "நீ படி, மற்றதை நான் பார்க்கிறேன்." அப்படியே உயர்தரமும் முடித்து மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ பல்கலைக்கழகம் போகிற பிள்ளை, தோய்க்க வேண்டிய உடுப்பை மூட்டையாகக் கட்டி யாழ்தேவி ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. சிரிப்புத்தான் வருகிறது.

உங்கள் மகனுக்கு ஒரு சனிக்கிழமை தொடங்குங்கள்; பள்ளி நாள் அவசரத்தில் எந்தத் தாய்க்கும் பொறுமை நிற்காது. சோறும் குழம்பும் வேண்டாம், பிட்டும் வாழைப்பழமும் குழைத்துக் கொடுங்கள், சின்னக் கைக்கு அது எளிது. நீங்களும் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள், அவன் தட்டைப் பார்க்காமல். சப்பாத்து நூலில் முடிச்சை நீங்கள் போட்டுக் கடைசி இழுப்பை அவனுக்கு விடுங்கள். பிறகு அதற்கு முந்திய சுற்றையும். ஒழுங்கை முனைக் கடையில் பாண் வாங்க அனுப்பலாம். மீதிக் காசில் ஒரு ரொபி குறைந்திருந்தால் விசாரணை நடத்தாதீர்கள். பலாலி வீதியைத் தனியாகக் கடக்க மட்டும் விடாதீர்கள். வரும் வாகனத்தின் வேகத்தைக் கணிக்க இந்த வயதுக்கு இயலாது.

வீட்டில் அம்மம்மா இருந்தால் அவர் ஒளித்துத் தீத்தத்தான் போகிறார். "பிள்ளை மெலிந்துபோச்சு" என்ற குற்றச்சாட்டும் வரும். பிள்ளைக்கு முன்னால் வாதாட வேண்டாம். அம்மம்மாவுக்குச் சாப்பாடு போட்டுக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிடுங்கள். பேரன் கையால் வந்த தட்டோடு இருப்பவருக்கு அவனுக்குத் தீத்த நேரம் கிடைக்காது.