எந்த ரத்தமோ என்கிறார் மாமியார்

கேள்வி: எங்கள் மகளைப் பதினோரு மாதக் குழந்தையாக ஓர் இல்லத்திலிருந்து தத்தெடுத்தோம். இப்போது இரண்டரை வயது. கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் புரண்டு அழுகிறாள். ஒற்றை ஒற்றை வார்த்தையாகத்தான் பேசுகிறாள். “எந்த ரத்தமோ, அதான் இப்படி” என்கிறார் மாமியார். நாங்கள் என்ன செய்தாலும் பிறவிக் குணம் மாறாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மாமியார் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. சட்டென்று அழுவது, புது முகத்தைக் கண்டால் ஒதுங்குவது போன்ற சுபாவங்களில் மரபணுவுக்குப் பங்கிருக்கிறது. உங்கள் மாமியார் பெற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

அந்தச் சுபாவம் பிறகு என்னவாகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. அமெரிக்காவில் தத்துக் கொடுக்கப்பட்ட 561 குழந்தைகளின் வளர்ச்சியை ஆய்வாளர்கள் பல வருடங்களாகக் கவனித்து வருகிறார்கள். பெற்றவர்கள், வளர்ப்பவர்கள் இரு தரப்பையும் சந்திக்கிறார்கள். மரபணு ஒரு வீட்டிலிருந்தும் வளர்ப்பு இன்னொரு வீட்டிலிருந்தும் வருவதால், எது எதன் விளைவு என்று அங்கே பிரித்துப் பார்க்க முடிகிறது. பெற்ற தாய்க்கு மனச்சோர்வு இருந்தால் குழந்தை ஒன்றரை வயதில் அதிகம் சிணுங்குமா என்று பார்த்தார்கள். ஒன்பதாவது மாதத்தில் குழந்தையின் அழைப்புக்கு வளர்ப்புத் தாய் அவ்வளவாகச் செவிகொடுக்காத வீடுகளில் அப்படி நடந்தது. நன்றாகச் செவிகொடுத்த வீடுகளில் அந்தத் தொடர்பே தெரியவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்துபோனது.

எதிர்ப்பக்கமும் உண்டு. முரண்டு பிடிக்கிற குழந்தை பெற்றோரின் கோபத்தைக் கிளறிவிடும். அவள் கத்த, நீங்கள் அதட்ட, அவள் இன்னும் கத்துவாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ரத்தமாகத் தெரியும். இரண்டரை வயதில் புரண்டு அழாத குழந்தை அபூர்வம். கேட்டதைக் கொடுத்துவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். “உனக்குக் கோபம், தெரியுது” என்று ஒரு வார்த்தை போதும்.

இல்லத்தில் கழிந்த பதினோரு மாதங்களை எண்ணி மருகாதீர்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஆதரவற்றோர் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி ஆராய்ந்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்கு வந்தவர்களே அதிகம் தேறினார்கள். உங்கள் மகள் ஒரு வயதுகூட ஆகாமல் உங்கள் மடிக்கு வந்துவிட்டாள்.

பேச்சு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் “அம்மா வா”, “பால் குடு” என்று இரண்டு வார்த்தை சேர்ந்து வந்திருக்க வேண்டும். இந்த மாதமே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்கலாம்.

ராத்திரிச் சோறு ஊட்டும் வேலையை மாமியாரிடம் கொடுத்துப் பாருங்கள். நிலாவையும் காக்காயையும் காட்டி அவர் பேசப்பேச, குழந்தையின் காதில் வார்த்தை விழும். அவர் மடியிலும் அவளுக்கு ஓர் இடம் கிடைக்கும்.