எட்டு மணி மாத்திரை

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம். முன்பு இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரை கொடுத்தோம். சென்ற மாதம் லெவோடோபா, கார்பிடோபா, எண்டகபோன் என மூன்றும் சேர்ந்த மாத்திரையாக மாற்றினார்கள். அதிலிருந்து சிறுநீர் செம்பழுப்பாகப் போகிறது. ஒரு நோய்க்கு எதற்கு மூன்று மருந்துகள்? சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று பயந்து, நிறுத்திவிடலாமா என யோசிக்கிறோம். மாத்திரையும் முன்போல் வேலை செய்வதில்லை. காலை எட்டு மணியானாலே மாத்திரை கேட்டு நச்சரிப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பது, ஒன்பதரைக்குப் பாலோடு கொடுத்துவிடுவோம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: நிறுத்தாதீர்கள். இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் இறுகி, கடும் காய்ச்சலும் மனக்குழப்பமும் வந்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கூட்டுவதோ குறைப்பதோ நரம்பியல் மருத்துவரின் வேலை.

நடுக்குவாதத்தில் மூளையில் டோபமைன் உண்டாக்கும் உயிரணுக்கள் அழிகின்றன. டோபமைனையே மருந்தாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் மூலப்பொருளான லெவோடோபா நுழையும். ஆனால் லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்தால் அதில் பெரும்பகுதி மூளையை எட்டுவதற்கு முன்பே டோபமைனாக மாறிப் பயனற்றுப் போகிறது. 1960களின் இறுதியில் அதைக் கிராம் கணக்கில் விழுங்கிய நோயாளிகள் குமட்டலாலும் வாந்தியாலும் தவித்தது அதனால்தான். கார்பிடோபா, தான் மூளைக்குள் போகாமல் வெளியே நின்று, அந்த வீண் மாற்றத்தைத் தடுக்கிறது. ஆகவே குறைந்த அளவு லெவோடோபாவே போதுமானதாகிறது. எண்டகபோன், லெவோடோபாவைச் சிதைக்கும் வேறொரு நொதியைத் தடுத்து, ஒவ்வொரு வேளை மருந்தின் பலனையும் சற்று நீட்டிக்கிறது. சிறுநீரின் நிறம் மாறுவது எண்டகபோனால், அதனால் தீங்கில்லை. வலியோ எரிச்சலோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். இன்னொன்று: இம்மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. லெவோடோபா 50 மி.கி. உள்ளதிலும் 100 மி.கி. உள்ளதிலும் எண்டகபோன் 200 மி.கி.தான் இருக்கிறது, ஆகவே கடையில் ஒன்று இல்லையென்று சிறியதில் இரண்டைக் கொடுத்து ஈடுகட்டவும் முடியாது.

இவற்றை உங்கள் மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். என்னை எழுத வைத்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரி.

எட்டு மணிக்கு உங்கள் தந்தை ஏன் கேட்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும், இரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரவு முழுவதும் மருந்தில்லாமல் கிடந்த உடலோடு அவர் விழிக்கிறார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமலும், எழுந்து நின்றால் பாதம் தரையை விட்டு எழாமலும் இருக்கும் நேரம் அது. அவர் கேட்பது கைகால் அசைவதற்கான மருந்தை. நீங்களோ அதை ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் தள்ளிப்போடுகிறீர்கள். கொடுக்கும்போதும் பாலோடு கொடுக்கிறீர்கள். பாலிலுள்ள புரதம் செரித்து உண்டாகும் அமினோ அமிலங்கள், குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபா செல்லும் அதே வழிக்குப் போட்டியிடுகின்றன. தாமதமாக வந்த மாத்திரை இன்னும் தாமதமாக வேலை செய்கிறது, சில நாள் வேலையே செய்யாமல் போகிறது. நோய் முற்றியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நேரத்தில் கொடுத்துப் பார்க்காமல் மருந்தைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

பள்ளி வாகனம் உங்களுக்காக ஐந்து நிமிடம் நிற்காது என்பதால் பிள்ளைகள் நேரத்துக்குக் கிளம்புகிறார்கள். பெரியவர் எங்கும் போகமாட்டார், காத்திருப்பார் என்பதால் அவருடைய வேளை பின்னால் போய்விட்டது. இதே பழக்கத்தைப் பல வீட்டுக் கடிதங்களில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. உங்களை நேரத்துக்குப் பள்ளிக்கு அனுப்பிய மனிதர் அவர். அவருடைய மருந்து நேரத்தைச் சுற்றித்தான் வீட்டுக் காலை அமைய வேண்டும். பிள்ளைகளும் அதைப் பார்த்து வளரட்டும். விவரம் தெரிந்த பேரன் பேத்தி இருந்தால் தண்ணீர் டம்ளரை அவர்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

மருத்துவர் எழுதித் தந்த நேரத்தில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி கழித்தோ, வெறும் தண்ணீரோடு கொடுங்கள். பால் பிறகு வரட்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சில மணி நேரம் தள்ளி வையுங்கள். சில நோயாளிகள் தேவைக்கு மேல் இந்த மருந்தைத் தேடுவதும் உண்டு; ஆனால் உரிய வேளையில் கேட்பவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு வாரம், மாத்திரை விழுங்கிய நேரம், கைகால் இளகிய நேரம், மீண்டும் இறுகத் தொடங்கிய நேரம் ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் பயன்படும். மருத்துவமனையில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போய்ப் பேசாதீர்கள். குரல் தாழ்ந்திருந்தாலும், சொல்லி முடிக்க நேரமானாலும், காலை எட்டு மணிக்குத் தம் உடல் எப்படி இருக்கிறது என்பதை அவரே மருத்துவரிடம் சொல்லட்டும்.