துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் கைவேலையும்: கேள்வி பதில்

கேள்வி (ஓர் அம்மா): என் கணவர் விபத்தில் தவறி இரண்டு மாதம் ஆகிறது. ஐந்து வயது மகனிடம் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவனை எதை வரையச் சொல்லலாம்?

பதில்: கிரேயானை எடுத்துக் கொடுப்பதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுங்கள் அம்மா. “அப்பா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனி மூச்சு விட மாட்டார், பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டார். இது உன்னால நடக்கல.” இவ்வளவு போதும். “தூங்குறார்” என்று சொன்னால் தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு. “சாமி கூப்பிட்டுக்கிச்சு” என்றால் அடுத்து அம்மாவையும் கூப்பிடுமோ என்று கலங்குவான். இந்த வயதில் செத்தவர் திரும்பி வருவார் என்றுதான் மனசு நினைக்கும். நாளைக்கும் அதே கேள்வி வரும். அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள். வெளியூர் என்று சொன்னது சரியில்லை என்பதையும் நீங்களே சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்வதற்கு முன். பிறகு தாளும் நிறங்களும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். தலைப்பு கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஒரு பாட்டி): ஏழு வயசுப் பேத்தி எல்லாத்தையும் கறுப்பிலேயே வரையுறா. பயமா இருக்கு.

பதில்: நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது பாட்டி. “இது என்ன, ஏன் கறுப்பு?” என்று கேட்டால் அவள் நமக்குப் பிடித்த மாதிரி வரைய ஆரம்பித்துவிடுவாள். “அழகா இருக்கு” என்ற பாராட்டும் அதையேதான் செய்யும். கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள்: “இங்க ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கே.” சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பேச நினைத்தால் அவளே பேசுவாள். ஐந்து நிமிடத்தில் எழுந்து விளையாட ஓடினாலும் சரிதான். பிள்ளைகள் துக்கத்தைத் தொடர்ந்து சுமப்பதில்லை, விட்டு விட்டுத்தான் வரும்.

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியை): தாத்தாவை இழந்த மாணவியோடு வண்ண உப்புச் சாடி செய்தேன். இரண்டே நாளில் நிறங்கள் கலந்துவிட்டன, அழுதுவிட்டாள். எங்கே தவறியது?

பதில்: பாட்டிலின் மேலே இடம் விட்டிருப்பீர்கள் டீச்சர். இடைவெளி இருந்தால் ஒரு குலுக்கலிலேயே அடுக்குகள் கலைந்துவிடும். 200 மில்லி ஜாம் பாட்டிலுக்குத் தூள் உப்பு கால் கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். கல் உப்பில் நிறம் சீராக ஏறாது. மழைக்காலமானால் வெறும் வாணலியில் இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, நன்றாக ஆறவிடுங்கள். ஐந்து தாள்களில் ஏறக்குறைய மும்மூன்று மேசைக்கரண்டி உப்பு. கலர் சாக்பீஸைப் படுக்கவைத்து உப்பின்மேல் உருட்டி உருட்டித் தேய்த்தால் நிறம் ஏறும். இங்க் வேண்டாம், ஈரத்தில் உப்பு கட்டியாகிவிடும். ஒவ்வொரு நிறமும் தாத்தாவைப் பற்றிய ஒரு நினைவு. எந்த நிறம் எதற்கு என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். நல்ல நினைவாகவே இருக்க வேண்டியதில்லை, அவர் திட்டிய நாளுக்கும் ஒரு நிறம் உண்டு. தாளை மடித்து ஒவ்வொன்றாகக் கொட்டி, பாட்டிலை மெதுவாகத் தட்டுங்கள். உப்பு அமுங்கும், மறுபடி நிரப்புங்கள். விளிம்புவரை நிரம்பியதும் பஞ்சை அழுத்தி வைத்து மூடி, டேப் ஒட்டுங்கள். எந்த நிறம் எந்த நினைவு என்று எழுதிய சீட்டைப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள், பின்னால் மறந்துபோகும். தனியாகச் செய்யவா, தோழியோடா என்று முதலில் அவளிடம் கேளுங்கள். வகுப்பு முழுவதும் பார்க்கச் செய்ய வைக்காதீர்கள்.

கேள்வி (ஒரு சித்தப்பா): அண்ணி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. துணிகளையெல்லாம் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். ஒன்பது வயது மகளுக்கு எதை எடுத்து வைப்பது?

பதில்: கொடுப்பதற்கு முன் அவளைக் கேளுங்கள், அவளே எடுக்கட்டும். துவைக்காத புடவையோ நைட்டியோ ஒன்று அவசியம். துவைத்தால் அம்மா வாசனை போய்விடும், திரும்பக் கிடைக்காது. காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு பிஸ்கட் டின்னிலோ ஷூ பெட்டியிலோ வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாசனைதான் மிஞ்சும். மாலை போட்ட படத்தை அவளால் நினைத்தபோது கையில் எடுக்க முடியாது. பெட்டிக்குத் தனிப் பிரதி ஒன்று போடுங்கள். வாட்ஸாப் குரல் பதிவுகளை அண்ணியின் போனை ரீசெட் செய்வதற்கு முன் இரண்டு இடங்களில் சேமியுங்கள். பெட்டியை அவளே ஒட்டி அலங்கரிக்கட்டும். எப்போது திறப்பது, யாருக்குக் காட்டுவது என்பதும் அவள் முடிவுதான்.

கேள்வி (ஓர் அப்பா): பதினொரு வயசுப் பையன் வரையவே மாட்டேங்கிறான். சாமானைப் போட்டு உடைக்கிறான்.

பதில்: தாளை விடுங்கள் ஐயா, அவன் கைக்கு எதிர்த்து நிற்கும் பொருள் வேண்டும். 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் கப் தண்ணீர்; தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் ஒட்டும். குத்தட்டும், பிய்க்கட்டும். பழைய செய்தித்தாளைக் கிழித்தெறிவதும் நல்லது. விதி ஒன்றுதான்: ஆளையும் அடிக்கக் கூடாது, தன்னையும் காயப்படுத்திக்கொள்ளக் கூடாது. செய்த உருவத்தை அவனே நசுக்கினால் தடுக்காதீர்கள்.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: “நானும் அம்மாகிட்ட போகணும்” என்று சொன்னால், அன்றே. “செத்துப்போகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, பள்ளிக்கூடமே போக மறுத்தாலோ, ஆசையாக இருந்த விளையாட்டையெல்லாம் விட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது மட்டும் திரும்ப வந்திருந்தால் திட்டாமல் சில வாரம் பொறுங்கள்.