கால்நடை இனப்பெருக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் பசு மூன்று ஈற்றிலும் காளைக் கன்றே ஈன்றது. விற்றுவிடலாமா? (வாழப்பாடி)

பசுவின் மீது குற்றமில்லை. மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் எக்ஸ், ஒய் என்ற இரண்டுதான் பாலினத்துக்கானவை. சினைமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். விந்தணு எக்ஸைக் கொண்டுவந்தால் கிடாரி, ஒய்யைக் கொண்டுவந்தால் காளை; ஆகவே பாலினத்தை முடிவு செய்வது விந்தணு. மூன்று ஈற்று கண்ட எட்டுப் பசுக்களில் ஒன்றுக்கு இப்படி நேர்வது இயல்பே. கிடாரிதான் வேண்டுமென்றால் பாலினம் பிரித்த உறைவிந்தைக் கேளுங்கள். பிறக்கும் கன்றுகளில் சுமார் 90 சதவீதம் கிடாரியாக இருக்கும்.

கேள்வி: இரண்டு முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் பசுவுக்குச் சினை பிடிக்கவில்லை. ஏன்? (ஏற்காடு)

பருவம் தெரிந்த நேரத்தையும் ஊசி போட்ட நேரத்தையும் எழுதாமல் காரணம் மட்டும் கேட்டால் என்ன சொல்வது? பசுவுக்குப் பருவ அறிகுறி அடங்கிச் சுமார் 12 மணி நேரம் கழித்தே முட்டை வெளிவருகிறது. வந்த முட்டை அரை நாள்கூடத் தாங்காது. விந்தணுவோ கருக்குழாயில் சில மணி நேரம் பக்குவப்பட்ட பிறகே முட்டையைத் துளைக்கும் திறன் பெறுகிறது. ஆகவே காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: நல்ல உடல்வாகுள்ள மேச்சேரி இனச் செம்மறிக் கிடா ஒன்றை ஐந்தாண்டுகளாகப் பட்டியில் வைத்திருக்கிறேன். இப்போது குட்டிகள் மெலிந்து பிறக்கின்றன, சில இறக்கின்றன. தீவனக் குறையா? (ஓமலூர்)

தீவனத்தையும் பாருங்கள், ஆனால் முதலில் கிடாவை மாற்றுங்கள்; ஐந்தாண்டில் அது தன் மகள்களோடே சேரத் தொடங்கியிருக்கும். இதைப் பல முறை எழுதியும் உடல்வாகில் மயங்கி ஒரே கிடாவை விடாமல் வைத்திருப்போர் குறையவில்லை. செம்மறிக்கு 54 குரோமோசோம்கள். விந்தணு உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில் (குரோமோசோம்கள் பாதியாகும் செல் பிரிவில்) அவை 27 ஆகும்போது ஒவ்வோர் இணையிலும் ஏதேனும் ஒன்றுதான் விந்தணுவுக்குச் செல்கிறது. கிடாவிடம் குறையுள்ள ஒடுங்கு மரபணு (இரட்டையாக இருந்தால் மட்டுமே வெளிப்படும் மரபணு) ஒன்று மறைந்திருந்தால், இணை மரபணு அதை மூடிவிடுவதால் கிடா வாட்டசாட்டமாகவே நிற்கும். மகள்களில் பாதிப் பேருக்கோ அந்த மரபணு சென்று சேர்ந்துவிடும். அதே கிடா மகள்களோடு சேரும்போது எட்டுக் குட்டிகளில் ஒன்றில் அக்குறை இரட்டையாகக் கூடி வெளிப்படும். இது ஒரே ஒரு மரபணுவுக்கான கணக்கு; எந்த ஆட்டிலும் இப்படிச் சில மறைந்தே இருக்கும். பிறப்பு எடை குறைவதும் குட்டிகள் சாவதும் இத்தகைய உறவுச் சேர்க்கையின் வழக்கமான அடையாளங்கள். முதல் ஈற்று மகள்கள் இரண்டாம் ஆண்டிலேயே பருவத்துக்கு வந்துவிடுவதால், பொலிகிடாவை இரண்டாண்டுக்கு மேல் ஒரு பட்டியில் வைக்காதீர்கள். பக்கத்து ஊரில் வாங்குகிறீர்களா? அது உங்கள் பட்டியிலிருந்தே விலைக்குப் போன கிடாவின் மகனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பொட்டனேரியிலுள்ள மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரிக்கலாம். எந்தக் கிடாவுக்கு எந்தக் குட்டி என்பதைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: செம்மறிக் கிடாவை வெள்ளாட்டோடு சேர்த்தால் கலப்பினம் கிடைக்குமா? (ஆத்தூர்)

கிடைக்காது என்றே கொள்ளுங்கள். வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம்கள். கரு உண்டானாலும் பெரும்பாலும் இடையிலேயே அழிந்துவிடும்.

கேள்வி: பசு இரட்டை ஈன்றது, ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரியை வளர்க்கலாமா? (மேட்டூர்)

பாலுக்காக என்றால் வேண்டாம். நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் இணைந்து காளைக் கருவின் ஹார்மோன்கள் கிடாரிக்குள் கலந்துவிடுவதால், இத்தகைய கிடாரிகளில் பத்தில் ஒன்பது மலடாகவே இருக்கும். ஆட்டிரட்டைகளில் இது மிக அரிது. அவற்றை அஞ்சி விற்க வேண்டியதில்லை.