தூண் இல்லாமல் 4 அடி பால்கனி போடலாமா? வேறு என்ன வகைகள் உண்டு?

தாராளமாகப் போடலாம். தூண் இல்லாமல் சுவரைத் தாண்டி நீளும் இந்த வகைக்கு கேண்டிலீவர் என்று பெயர். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இதுதான்.

இதில் முக்கியம் கம்பி இருக்கும் இடம். அறைத் தளத்தில் பாரம் ஏறினால் நடுவில் அடிப்பக்கம் இழுபடும். அங்கே முக்கியக் கம்பி கீழே. பால்கனியில் நேர்மாறு. நுனி தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும், அதனால் கம்பி மேலே இருந்தாக வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதன்மேல் நடந்து மிதித்தே கீழே அமுக்கிவிடுவார்கள். அப்புறம் எத்தனை கம்பி போட்டும் பிரயோஜனமில்லை. நீட்டலைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது உங்களுக்கு 6 அடி, கம்பி உள்தளத்துக்குள் போவது வழக்கம். கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கும்போது நுனியில் தொடங்கி சுவரை நோக்கி வரச் சொல்லுங்கள். கம்பி கணக்கை மட்டும் மேஸ்திரியிடம் விடாமல் இன்ஜினியரிடம் வாங்குங்கள்.

மற்ற வகைகளில், கட்டடத்துக்குள்ளேயே ஒதுங்கி மூன்று பக்கம் சுவரோடு இருப்பது லாஜியா. மேற்கு வெயிலுக்கும் சாரலுக்கும் இதுதான் என் தேர்வு. கல் தாங்கிகள்மேல் கூரையோடு நீட்டிக்கொண்டிருக்கும் ராஜஸ்தானி ஜரோக்கா இன்னொன்று. 1799-இல் கட்டிய ஜெய்ப்பூர் ஹவா மஹலின் முகப்பு முழுக்க அதுதான். ஜூலியட் பால்கனியில் நிற்க இடமே கிடையாது, கதவுக்கு வெளியே கிராதி மட்டும்.

எதுவானாலும் கைப்பிடி 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. குழந்தைகள் இருந்தால் படுக்கைக் கம்பி வேண்டாம், ஏணி மாதிரி ஏறிவிடுவார்கள்.