ஒரே வீட்டில் மூணு பேருக்கு அல்சரா? குடல்நோய் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவர் விசைப்படகில் போகிறவர். வேளாவேளைக்குச் சாப்பிடாததால் அல்சர் என்கிறார்கள். வீட்டோடு இருக்கிற மாமியாருக்கும் எனக்கும் அதே எரிச்சல். பரம்பரை நோயா? (தங்கச்சிமடம்)

பரம்பரை இல்லை அம்மா. பட்டினியும் காரமும் எரிச்சலைக் கிளப்பும். ஆனால் புண் வரப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் கண்டுபிடித்தது. 2005-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். எச்சில், வாந்தி, மலம் பட்ட கை வழியாகச் சின்ன வயதிலேயே வீட்டுக்குள் தொற்றிவிடும்.

ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கிற வீடு. கிணற்றில் உப்புத் தண்ணீர். காவிரித் தண்ணீர் வராத நாளில் குடம் விலைக்கு வாங்க வேண்டும். அது உலைக்கும் குடிக்கவும் போனபின் பிள்ளை கை கழுவ என்ன மிஞ்சும்? சுத்தமில்லாததால் வந்தது என்று யாராவது உங்களைக் குறை சொன்னால் ஏற்காதீர்கள். ஜப்பானில் உலகப்போர்க் காலத்தை ஒட்டிப் பிறந்தவர்களிடம் இந்தக் கிருமி மிக அதிகம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் குறைவு. அதே ரத்தம்தான், மாறியது வீடும் தண்ணீரும். நம் கடற்கரைக்கும் குழாய்த் தண்ணீர் தினமும் வந்தாக வேண்டும், அதுவும் வைத்தியம்தான். இப்போதைக்கு மூன்று பேருமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கடல்பாசி எடுக்கப் போகிறேன். இடுப்புவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போடுவேன். நாலு நாளாக வெளிக்குக் கறுப்பாகப் போகிறது. (சின்னப்பாலம்)

இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். வலி இல்லாமலும் கசியும். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் பாதுகாப்புப் பூச்சைப் பலவீனமாக்கும். கிருமியும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பாசி நாள் தவறினால் அன்றைய கூலி போய்விடும் என்பது தெரியும். ஆனாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இனி அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். வலிக்கு வேறு மருந்து டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: கருவாட்டை விட்டுவிட வேண்டுமா? (வாலிநோக்கம்)

தினமும் வேண்டாம். கிருமியோடு அதிக உப்பும் சேர்ந்தால் இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடும். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பு வையுங்கள். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை, பயம் வேண்டாம்.

கேள்வி: கிருமிக்குக் கொடுத்த மாத்திரையை ஐந்து நாளில் எரிச்சல் நின்றதும் விட்டுவிட்டேன். திரும்ப வந்துவிட்டது. மூச்சுப் பரிசோதனைக்கு மதுரை போகணுமாம். (தொண்டி)

எரிச்சல் நின்றாலும் கிருமி சாகவில்லை. வழக்கமாக 14 நாள் கோர்ஸ். பாதியில் விட்டால் அதே மருந்து அடுத்த முறை வேலை செய்யாமல் போகலாம். முடித்து நான்கு வாரம் கழித்துப் பரிசோதிக்க வேண்டும். மலத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனையும் இருக்கிறது, மதுரை போக முடியாவிட்டால் அதைக் கேளுங்கள். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே, டாக்டரிடம் சொல்லிவிட்டு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். விசைப்படகில் போகிறவரானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு வேளை தவறாமல் முடிக்கலாம். ஆனால் எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ, ரத்த வாந்தி வந்தாலோ தடைக்காலம் வரை காத்திருக்கக் கூடாது.